குதிரையை ஏன் வெட்ட முடியாது?

செஸ் பலகையில் ராணியை ஜி8 கட்டத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். விரல் நுனியில் மாங்காய்ப் பால் காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ராணியை அவர் தன் யானையால் வெட்டியே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. வெட்டிய அடுத்த நகர்வில் என் குதிரை மேட் வைத்துவிடும், அவர் ராஜாவுக்குத் தப்ப வழியே இருக்காது. எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

2022 ஜூலை கடைசி வாரம். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற வழியில் ஒரு மாங்கூழ் கம்பெனி, அதன் எடைமேடை ஷெட். இரவு இரண்டு மணிக்கு மேல் இருக்கும். பதினொரு வருடமாக, சீசன் தவறாமல் அவரோடு ஆடிவந்தேன். அதற்கு முன்பும் சில ஆட்டங்களை ஜெயித்திருக்கிறேன். அவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு காயைக் கவனிக்காமல் விடுவார், நான் பிடித்துக்கொள்வேன், அப்படி வந்த வெற்றிகள். முதல் செக்கிலிருந்து, அதாவது அவர் ராஜாவை மிரட்டிய முதல் நகர்விலிருந்து, மேட் வரைக்கும் ஒரு நகர்வுகூட அவர் இஷ்டத்துக்கு விடாமல் நானே கொண்டுபோய் முடித்த ஆட்டம் அது ஒன்றுதான். அந்த ஐந்து நகர்வுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து மாம்பழம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மல்கோவாவும் செந்தூராவும்தான் நினைவுக்கு வரும். கூழ் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் வருவது தோத்தாபுரி. நாங்கள் பெங்களூரா என்போம், நுனி வளைந்திருப்பதால் கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். மே மாதம் தொடங்கி ஜூலை முடியும் வரை சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத் தோப்புகளிலிருந்து டிராக்டரும் ஈச்சரும் குட்டியானையும் வந்துகொண்டே இருக்கும். வண்டி முதலில் காயோடு மேடை ஏற வேண்டும். இறக்கிவிட்டு வந்து வெறும் வண்டியாக இன்னொரு தடவை ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விவசாயியின் காசு. அந்தச் சீட்டைப் போட்டுக் கொடுப்பது என் வேலை, ராத்திரி ஷிஃப்ட். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் சில நேரம் ஐந்து நிமிடம் கிடைக்கும், சில நேரம் அரை மணி நேரம் கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் எங்கள் செஸ்.

அவர் காய் இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் மேஸ்திரி, எனக்கு மேஸ்திரிண்ணா. மிலிட்டரியில் இருந்தவர். வடக்கே எங்கோ குளிரில் கிடந்த நாட்களில் கூட இருந்தவர்களிடம் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்கு ராணி ‘வஜீர்’, பிஷப் ‘ஒட்டகம்’. இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். “ஒட்டகம் குறுக்க பாக்குது, பாத்து வை தம்பி” என்பார். எதிராளியையே எச்சரித்துவிட்டு ஆடுகிற மனிதர்.

பலகையும் அவர் கொண்டுவந்ததுதான். பிளைவுட் துண்டில் கட்டம் போட்டு, கறுப்புக் கட்டங்களுக்கு மட்டும் எனாமல் பெயிண்ட் அடித்தது. காய்கள் பிளாஸ்டிக். கறுப்பில் ஒரு யானை எப்போதோ தொலைந்துபோனதால் அதற்குப் பதில் 50 கிராம் இரும்பு எடைக்கல் ஒன்றை வைத்திருந்தோம். ஆறு பட்டைக் கல், விளிம்பெல்லாம் தேய்ந்தது. மற்ற காய்கள் ஓசையில்லாமல் நகரும், அந்தக் கல் மட்டும் பலகையில் ‘டக்’கென்று உட்காரும். அந்த யானை நகர்ந்தால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். கறுப்பு எப்போதும் அவருக்குத்தான், வெள்ளை எனக்கு. முதல் நகர்வு சின்னவனுக்கு என்பது அவர் வைத்த சட்டம்.

2014 சீசனில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லாமல் இந்த ஐந்து நகர்வுகளைச் சொல்ல முடியாது.

அன்றைக்கு என் ராணியும் பிஷப்பும் சேர்ந்து அவர் ராஜாவை வெளியே இழுத்துவிட்டன. காவலுக்கு நின்ற சிப்பாய்கள் கலைந்து ராஜா நடுப் பலகைக்கு வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. செக். மறுபடி செக். இன்னொரு செக். ஒவ்வொரு தடவையும் ராணியை ஓங்கி ஓங்கி வைத்தேன். மொத்தம் எட்டு செக். ஒன்பதாவதுக்கு வழி இல்லை. அவர் ராஜா பி6-ல் ஒரு சிப்பாயின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவர் வைத்தது ஒரே ஒரு நகர்வு. எடைக்கல் டக்கென்று என் கடைசி வரிசையில் இறங்கியது. மேட்.

காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“எத்தனை செக் வச்சே?”

“எட்டுண்ணா.”

“ஒவ்வொரு செக்குக்கும் எனக்குப் போக எத்தனை இடம் இருந்துச்சு?”

நான் எண்ணியிருக்கவில்லை.

“மொதல் செக்குக்கு ரெண்டு. அப்புறம் மூணு. அஞ்சாவதுக்கு நாலு எடம் இருந்துச்சு. நீ செக் வைக்க வைக்க என் வீடு பெருசாயிட்டே போச்சு தம்பி.”

இதைவிடத் தெளிவாகத் தாக்குதல் ஆட்டத்தை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதுவரை செக் என்றாலே எதிராளியைக் கட்டிப் போடுவது என்று நினைத்திருந்தேன். செக் வைத்தால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், அது உண்மை. ஆனால் அந்தப் பதிலை நாலு இடத்தில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால் ஆட்டம் இன்னும் அவர் கையில் இருக்கிறது. என் நகர்வுகளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண வேண்டியது அவருடைய வழிகளை.

எனக்கு இது புதிதாக இருந்திருக்கவே கூடாது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணைக் கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்கும். ஆயாவோடு அதில் எத்தனையோ மத்தியானங்கள் ஆடியிருக்கிறேன். 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 இடங்கள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம், ஆட்டால் புலியை வெட்ட முடியாது. ஆட்டுக்காரர் ஜெயிக்க ஒரே வழி, மூன்று புலிக்கும் நகர இடம் இல்லாமல் செய்வது. ஆயா எப்போதும் ஆடுதான் கேட்பார். புளியங்கொட்டையை வைத்துக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பார்: “இதுக்கு ரெண்டு வழி, அதுக்கு ஒண்ணு, அந்தா அது கட்டிக்கிச்சு.” தன் ஆடுகளை அவர் எண்ணி நான் பார்த்ததே இல்லை. புலிக்கு மிச்சமிருக்கும் வழியைத்தான் எண்ணுவார். அதே கணக்கை மேஸ்திரி செஸ் பலகையில் காட்டும்வரை எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதற்கப்புறம் பகலில் தூங்கி எழுந்ததும் செல்போனில் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் ஒன்றை முதன்முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 1912-ல் லண்டனில் எட்வர்ட் லாஸ்கர், ஜார்ஜ் தாமஸ் இருவரும் ஆடியது. பதினோராவது நகர்விலேயே லாஸ்கர் தன் ராணியை ஹெச்7-ல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார். ராஜா அதை வெட்டுகிறது. அங்கிருந்து அந்த ராஜாவை ஹெச்6, ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2 என்று ஒவ்வொரு கட்டமாக நடத்திக்கொண்டு வந்து, கடைசியில் தன் சொந்த வரிசையில், ஜி1-ல் நிறுத்துகிறார். பதினெட்டாவது நகர்வில் லாஸ்கரின் ராஜா ஒரு கட்டம் மேலே ஏறி வழிவிட, பின்னாலிருந்த யானையின் பார்வை திறந்து மேட். எண்ணிப் பார்த்தேன். பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை, மேட்டையும் சேர்த்து எட்டு செக்.

நானும் எட்டு செக்தான் வைத்தேன். நானும் ராஜாவை வெளியேதான் இழுத்தேன். தாமஸின் ராஜாவுக்கு அநேகமாக ஒவ்வொரு அடியிலும் போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது தப்பி ஓடுவதுபோல் தெரியும், உண்மையில் லாஸ்கர் காட்டிய கட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்று அந்த ஆட்டத்தை நாற்பது தடவையாவது முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

இன்னொரு பழைய விஷயமும் அப்போதுதான் கிடைத்தது. ராஜாவைச் சுற்றி அதன் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்க, குதிரை தனியாக வந்து வைக்கும் மேட். ஸ்மதர்டு மேட் என்பார்கள். நம் வாயில் சொன்னால், மூச்சு முட்ட வைக்கும் மேட். பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரரின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். அவர் பிறப்பதற்கு இருநூறு வருடங்களுக்கும் முன்பே, 1497-ல் ஸ்பெயினில் லூசெனா அச்சிட்ட புத்தகத்தில் இது இருக்கிறது. இன்றைக்குக் கையில் கிடைக்கிற அச்சிட்ட செஸ் புத்தகங்களில் அதுதான் மிகப் பழையது. ஐந்நூறு வருடத்துக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஆனால் செல்போன் திரையில் தெரிந்து வைத்திருப்பது வேறு, ராத்திரி இரண்டு மணிக்குப் பிளைவுட் பலகையில் அது கண்ணில் படுவது வேறு.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடங்க இன்னும் சில நாள்தான் இருந்தது, ஜூலை 28-ல் தொடக்கம். எங்கு பார்த்தாலும் ‘தம்பி’ படம், வேட்டி சட்டை போட்டுக் கைகூப்பி நிற்கும் குதிரை. மேஸ்திரி பேப்பரிலிருந்து அதைக் கத்தரித்து, எடைமேடை மானிட்டருக்கு மேலே சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். சீசன் முடிகிற நேரம், வண்டி குறைவு. ஆட்டம் நிதானமாக நடந்தது. நடுவில் நான் ஒரு யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்க வேண்டியதாகிவிட்டது. கணக்குப்படி எனக்குத்தான் நஷ்டம்.

பலகை இருப்பவர்கள் அடுக்கிப் பார்க்கலாம். என் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. என்னிடம் ராஜா ஜி1-ல், அதற்கு முன்னால் எஃப்2, ஜி2, ஹெச்2 சிப்பாய்கள், ராணி சி2-ல், குதிரை ஜி5-ல். அவரிடம் ராஜா ஜி8-ல், ஜி7, ஹெச்7, ஏ7, பி7 சிப்பாய்கள், எடைக்கல் யானை ஈ8-ல். அவர் ராணி அப்போதுதான் ஏ3-ல் இருந்த என் சிப்பாயை வெட்டிவிட்டு அங்கேயே நின்றது.

அந்தச் சிப்பாய் போனது பெரிதில்லை. ஈ வரிசை முழுக்கத் திறந்து கிடந்தது. அடுத்த நகர்வில் எடைக்கல் ஈ1-க்கு இறங்கினால் என் ராஜாவுக்கு ஓட இடமில்லை, மூன்று சிப்பாயும் அதை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. 2014-ல் அதே கல் அதே கடைசி வரிசையில்தான் இறங்கியது. அந்த டக் சத்தம் அதற்குள் என் காதில் கேட்டுவிட்டது.

முதலில் கண்ணில் பட்டது ஹெச்7. என் ராணி சி2-விலிருந்து குறுக்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டினால் செக், ராணிக்குக் குதிரையின் காவலும் உண்டு. ராஜா எஃப்8-க்குப் போகும். அடுத்து ஹெச்8-ல் செக், ராஜா ஈ7. ஜி7 சிப்பாயையும் வெட்டிச் செக், ராஜா டி6-க்கோ டி8-க்கோ போகும். கை அரித்தது. மூன்று செக், இரண்டு சிப்பாய். ஆனால் அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. ராஜா வெளியே வந்துவிடும், வழி இரண்டாகும், மூன்றாகும். செக் தீர்ந்த நொடியில் எடைக்கல் இறங்கும். வீடு பெரிதாகிற பாதை அது, எனக்கு ஏற்கெனவே பழக்கமான பாதை.

அப்புறம்தான் சி4 தெரிந்தது.

தெரிந்த அதே நேரத்தில் வெளியே ஹாரன். சந்தூர் பக்கத்து டிராக்டர் ஒன்று மேடையில் ஏறி நின்றது. பெரியவர் ஒருவர் டிரெய்லர் மேலே மாங்காய்க் குவியலில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். “ஐயா, எறங்குங்க. ஆள் மேல இருந்தா எடை ஏறிடும்” என்று கூப்பிட்டேன். அவர் இறங்க டிரெய்லர் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு கை கொடுத்தேன், பால் ஒட்டியது அப்போதுதான். திரையில் 6,240 கிலோ வந்து நின்றது. சீட்டில் எழுதினேன். எழுதும்போதே தலைக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சி4-ல் ராணி, செக். அவருக்கு என்ன வழி? யானை ஈ6-ல் வந்து மறிக்கலாம். ராணி அதை வெட்டும், அதுவும் செக். அதற்குப் பிறகு ராஜா எஃப்8-க்குப் போனால் எஃப்7-ல் மேட். ஹெச்8-க்குப் போனால் ஈ8-ல் செக், அவர் ராணி எஃப்8-ல் வந்து மறித்தாலும் அதையும் வெட்டி மேட். சரி, அந்தக் கதவு மூடியாயிற்று. யானை வராமல் ராஜாவே எஃப்8-க்குப் போனால்? ராணி எஃப்7, குதிரையின் காவலோடு. மேட். மிச்சம் ஹெச்8 ஒன்றுதான். ஹெச்8-க்குப் போனால் குதிரை எஃப்7, செக். அங்கே குதிரையை வெட்ட அவரிடம் காய் இல்லை. ராஜா ஜி8-க்குத் திரும்ப வேண்டியதுதான், ஒரே வழி.

இப்போது குதிரை ஹெச்6. நான் திரும்பத் திரும்ப நின்று பார்த்தது இந்த இடத்தில்தான். ஜி7 சிப்பாய் நேராக வெட்டுகிற கட்டம் ஹெச்6. குதிரையைச் சிப்பாயின் வாயிலேயே கொண்டுபோய் வைக்கிறோம். ஆனால் குதிரை எஃப்7-ஐ விட்டு நகர்ந்ததும் சி4-லிருந்து ராணியின் குறுக்குப் பார்வை திறந்துவிடுகிறது. ராஜாவுக்குக் குதிரையும் செக், ராணியும் செக். இரட்டைச் செக். சிப்பாய் குதிரையை வெட்டினால் ராணியின் செக் அப்படியே நிற்கும், ராணியை மறித்தால் குதிரையின் செக் நிற்கும். ஒரே நகர்வில் இரண்டுக்கும் பதில் சொல்ல ராஜாவால் மட்டும்தான் முடியும், அதுவும் ஓடினால்தான். செஸ்ஸில் இதைவிடப் பெரிய கட்டாயம் எனக்குத் தெரிந்து இல்லை. எதிராளியின் மற்ற காய் எல்லாம் அந்த ஒரு நகர்வுக்குப் பலகையிலேயே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

ராஜா எஃப்8-க்கு ஓடினால் எஃப்7-ல் ராணி, மேட். ஹெச்8-க்கு ஓடினால்தான் ஆட்டம் தொடரும்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு பத்திரமான வழியும் இருந்தது. குதிரையை எஃப்7-க்கும் ஹெச்6-க்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் ராஜாவும் ஜி8-க்கும் ஹெச்8-க்குமாக ஆடிக்கொண்டிருக்கும். டிரா. காய்க் கணக்கில் பின்தங்கியவனுக்கு டிரா நல்ல கூலிதான். அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் ராணியை ஜி8-ல், ராஜாவுக்கும் யானைக்கும் நடுவில் வைக்க வேண்டும். ஹெச்6 குதிரையின் காவல் இருப்பதால் ராஜா அதைத் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்ட வருகிற யானை ராஜாவின் கடைசி வெளிக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் குதிரை எஃப்7.

மூன்று வழி. ஒன்று. இரண்டு. ஒன்று. பூஜ்யம்.

எண்களை எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்க்கவில்லை, மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். பெரியவர் சீட்டை வாங்கிக்கொண்டு வண்டியோடு உள்ளே போனார். மேஸ்திரி ஷெட் வாசலில் நின்று ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். நான் எதிர்பார்த்தது, இந்த இடைவெளியில் எனக்குப் பதற்றம் கூடும் என்று. அப்படி ஆகவில்லை. கட்டாய வரிசைக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்பது அன்றுதான் புரிந்தது. நல்ல திட்டம் ஒன்றை யோசித்து வைத்திருந்தால் எதிராளி என்ன நினைக்கிறாரோ, கண்டுபிடித்துவிடுவாரோ என்று மனது அடித்துக்கொள்ளும். இங்கே அவர் கண்டுபிடித்தாலும் ஒன்றும் மாறாது. ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும், நாலு வண்டி எடை போட்டுவிட்டு வந்தாலும் அந்த ஐந்து நகர்வுகளும் பலகையில் அப்படியே காத்திருக்கும்.

இதற்கு ராணியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனாரே, அந்தப் பதினான்காவது ஆட்டத்தைக் கம்பெனி கேட்டில் நின்று செல்போனில் பார்த்தேன். எதிரே ஆடிய டிங் லிரன் யானையை எஃப்2-ல் வைத்தார். குகேஷ் யானைக்கு யானை வெட்டினார், பிஷப்பை எதிரே நிறுத்தி அதையும் மாற்றிக்கொண்டார். மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும், கறுப்புக்கு வெற்றி. பலி இல்லை, ராஜா வேட்டை இல்லை. ஆனால் பார்த்தவுடன் எனக்கு எடைமேடை ஷெட் ஞாபகம்தான் வந்தது. அந்த மாற்றங்களுக்குப் பிறகு டிங் எங்கு போனாலும் கதவு மூடியிருந்தது.

மேஸ்திரி வந்து உட்கார்ந்தார். நான் ராணியை சி4-ல் வைத்தேன்.

ராஜா ஹெச்8. குதிரை எஃப்7. ராஜா ஜி8. அவர் கை தயங்கவே இல்லை, நானும் தயங்கவில்லை. குதிரையை ஹெச்6-ல் வைத்தபோது அவருடைய ஆள்காட்டி விரல் ஒரு நொடி ஜி7 சிப்பாய்க்கு மேலே போய் நின்றது. வெட்ட நினைத்தார் என்று தோன்றவில்லை. அந்தச் சிப்பாயால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட மாதிரி இருந்தது. ராஜா ஹெச்8-க்குப் போனது. எஃப்8-க்குப் போயிருந்தால் ஒரு நகர்வு முன்னாலேயே முடிந்திருக்கும்.

ராணி ஜி8.

முகத்தைப் பார்த்தார் என்று சொன்னேனே, அது இப்போது. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்திருக்கலாம். பெரிய ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில் அதைத்தான் செய்வார்கள். அவர் எடைக்கல்லைத் தூக்கினார். நிதானமாக ஈ8-லிருந்து ஜி8-க்குக் கொண்டுவந்து, என் ராணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கல்லை வைத்தார். டக். பதினொரு வருடத்தில் அந்தச் சத்தம் எனக்குப் பயம் தராமல் கேட்டது அப்போதுதான். என்னை ஈ1-ல் வந்து முடிக்க நின்ற கல், இப்போது அவர் ராஜாவின் பக்கத்தில் சுவராக உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் கல், முன்னால் இரண்டு சிப்பாய்.

குதிரையை எஃப்7-ல் வைத்தேன்.

ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. காய் கொட்டுகிற இடத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அவர் கேட்டார்.

“வஜீரை விடறதுன்னு எப்ப முடிவு பண்ணே?”

“எடை போடும்போதுண்ணா.”

“ஹாரன் அடிச்சப்பவே நான் பாத்துட்டேன்.” பீடியைப் பற்றவைத்தார். “நீ திரும்பி வந்து ஹெச்7-ல வெட்டிடுவியோன்னு எனக்கு ஒரே பயம்.”

இதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தான் தோற்கப்போகிற வரிசையைக் கண்டுபிடித்துவிட்டு, அதை நான் தவறவிட்டுவிடக் கூடாதே என்று அவர் அந்த வாசலில் நின்றிருக்கிறார். ஜி8-ல் வந்து நின்ற ராணிக்குக் கல்லை அவ்வளவு மெதுவாகத் தூக்கியது ஏன் என்று அப்போது விளங்கியது. ராஜாவைச் சாய்த்திருந்தால் கடைசிக் குதிரை பலகையில் வந்திருக்காது.

டிராக்டர் வெறும் வண்டியாகத் திரும்பி வந்தது. 2,410. கழித்து 3,830 என்று சீட்டில் எழுதிப் பெரியவரிடம் கொடுத்தேன். வந்து பார்த்தால் மேஸ்திரி காய்களைக் கலைக்காமல் பலகையை அப்படியே தூக்கி ஜன்னல் திண்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பெண்கள் டிபன் பாக்ஸோடு வந்தபோது பலகை இன்னும் அங்கேயே இருந்தது. நான் கணக்கை முடித்து நோட்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி காய்களை ஈ8, சி4 என்று பழைய இடத்துக்குக் கொண்டுபோய், தான் தோற்ற கதையை அவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். செஸ் தெரிந்தவர்கள் அதில் யாரும் இல்லை. ஹெச்6 வந்ததும் ஒரு அம்மா குனிந்து பார்த்தார்.

“ஏண்ணா, இந்தக் குதிரையைத்தான் பக்கத்துல இருக்கிறவன் வெட்டலாமே?”

“அதான்!” மேஸ்திரி துள்ளிவிட்டார். “அங்கதான் விஷயமே இருக்கு. நீ வெட்டு, வெட்டிப் பாரு. அந்தக் கோடியில வஜீர் நிக்குது தெரியுதா?”

அந்த அம்மா சிப்பாயைக் கையில் எடுத்தார். கோட்டின் வழியே விரலை சி4 வரை ஓட்டிப் பார்த்தார். சிப்பாயைத் திரும்ப ஜி7-லேயே வைத்தார். மிச்ச நகர்வுகளை மேஸ்திரி சொல்லாமலே ஆடிக் காட்டினார். குதிரை எஃப்7-ல் இறங்கியதும் அந்த அம்மா ராஜாவைச் சுற்றி விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார்.

“புலியைக் கட்டிட்டாங்களே” என்றார்.

பெல் அடித்தது. எல்லோரும் தொட்டிப் பக்கம் போனார்கள். மேஸ்திரி எடைக்கல்லை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தார்.